ஆன்லைன் போக்கர்: இரண்டு செண்ட் ஆட்டத்தில் ஏன் இத்தனை ஏற்ற இறக்கம்?

2003 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் போட்டி நடந்தது. முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற 27 வயது அக்கவுண்டண்ட் அந்தத் தொகையைக் கட்டவில்லை. போக்கர்ஸ்டார்ஸ் என்ற இண்டர்நெட் தளத்தில் 86 டாலர் கட்டித் தகுதிப் போட்டி ஆடினார். அதன் வழியாக லாஸ் வேகாஸில் இடம் பிடித்தார். 839 பேர் கலந்துகொண்ட போட்டியில் முதலிடம் பெற்று 25 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அடுத்த ஆண்டு இதே போட்டிக்கு 2,576 பேர் வந்தனர். 2006 இல் வந்தவர்கள் 8,773 பேர்.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் போக்கர் சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்தவர்களில் பெரும்பாலோர் லாஸ் வேகாஸ் போகவில்லை. ஒரு செண்ட், இரண்டு செண்ட் பந்தயம் வைக்கும் மேசைகளில்தான் உட்கார்ந்தார்கள். கையில் 2 டாலர் இருந்தால் அங்கே ஆடலாம்.

இந்தச் சிறிய மேசைகளில் ஆடுபவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. ஒரு வாரம் தொட்டதெல்லாம் துலங்கும். அடுத்த வாரம் அதே மாதிரி ஆடினாலும் போட்ட பணம் கரையும். போன வாரம் மேதை, இந்த வாரம் முட்டாளா? அல்லது சைட்தான் ஏமாற்றுகிறதா? இந்தக் கேள்விக்கு விடை காணப் பெரிய கணிதம் தேவையில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல் போதும்.

ஆட்டம் எப்படி?

இண்டர்நெட்டில் அதிகம் ஆடப்படுவது டெக்ஸாஸ் ஹோல்டெம் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மூடித் தரப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் உள்ள இரண்டையும் நடுவில் உள்ள ஐந்தையும் சேர்த்துச் சிறந்த ஐந்து சீட்டு யாரிடம் உள்ளதோ அவருக்கே பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டை மடக்கிவிட்டு விலகலாம்.

ஆட்டத்தைத் தொடங்க இருவர் கட்டாயமாகச் சிறு தொகை போட வேண்டும். இதில் பெரிய தொகைக்குப் பிக் பிளைண்ட் என்று பெயர். நாம் பார்க்கும் மேசையில் ஒரு பிக் பிளைண்ட் 2 செண்ட். வழக்கமாக 100 பிக் பிளைண்ட், அதாவது 2 டாலருடன் உட்காருவார்கள். போக்கரில் லாப நட்டத்தை இந்த அலகில், 100 ஆட்டத்திற்கு எத்தனை பிக் பிளைண்ட் என்றுதான் கணக்கிடுவார்கள். நாமும் அப்படியே பார்க்கலாம்.

ஏஸ் ஜோடியும் தோற்கும்

கையில் இரண்டு ஏஸ் வந்தால் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. எதிராளியிடம் இரண்டு ராஜா. இருவரும் நடுச்சீட்டு திறப்பதற்கு முன்பே தலா 2 டாலரையும் வைத்துவிட்டார்கள். இதில் ஏஸ் ஜோடி ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 82 சதவீதம். மீதி 18 சதவீதம் ஏறக்குறைய ராஜா ஜோடிக்கு. இதே நிலை மூன்று முறை வந்து மூன்றிலும் ஏஸ் ஜோடி தோற்கும் வாய்ப்பு சுமார் 170 இல் ஒன்று. அரிதுதான், ஆனால் நடக்காதது அல்ல.

இதில் கம்ப்யூட்டரின் பங்கு வேகம். நிஜ மேசையில் டீலர் சீட்டைக் கலைத்துப் போட்டு ஒரு மணி நேரத்தில் 30 ஆட்டம் முடிந்தால் அதிகம். ஆன்லைன் மேசையில் 70 ஆட்டம் ஓடும். பலர் ஒரே ஸ்கிரீனில் நான்கு மேசைகளைத் திறந்து வைத்து ஆடுவார்கள். அப்போது மணிக்கு 280 ஆட்டம். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்திற்கு ஒரு முறை வரும். நிஜ மேசையில் அதற்கு ஏழு மணி நேரத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். நான்கு ஆன்லைன் மேசைகளில் முக்கால் மணி நேரத்திற்கு ஒரு முறை வந்துவிடும். அது தோற்பதையும் அதே வேகத்தில் பார்ப்பீர்கள். நிஜ மேசையில் ஒரு மாதத்தில் பார்க்கும் துரதிர்ஷ்டத்தை இங்கே ஒரு வாரத்திற்குள் பார்த்துவிடலாம். "ஆன்லைனில் ஏஸ் அடிக்கடி தோற்கிறது" என்ற புகாருக்கு முக்கியக் காரணம் இதுதான்.

எக்செல்லில் செய்து பாருங்கள்

ஒருவர் நன்றாகவே ஆடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய உண்மையான லாபம் 100 ஆட்டத்திற்கு சராசரியாக 5 பிக் பிளைண்ட். ஆனால் ஒவ்வொரு 100 ஆட்டத்திலும் சரியாக 5 வராது. ஆறு பேர் ஆடும் மேசையில் சராசரியிலிருந்து விலகும் அளவு, அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 100 ஆட்டத்திற்கு 90 பிக் பிளைண்ட் என்று எடுத்துக் கொள்ளலாம். இனி இவரது 10,000 ஆட்டத்தை எக்செல்லில் ஓட்டிப் பார்ப்போம்.

1. புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து ஏ1 செல்லில் கர்சரை வைக்கவும்.

2. இன்சர்ட் ஃபங்ஷன் பட்டனை அழுத்தி நார்ம்இன்வ் என்ற ஃபங்ஷனைத் தேர்ந்தெடுக்கவும்.

3. திறக்கும் கட்டத்தில் புராபபிலிட்டி என்ற இடத்தில் ராண்ட் ஃபங்ஷனை வெற்று அடைப்புக் குறிகளுடன் டைப் செய்யவும். மீன் என்ற இடத்தில் 5, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்ற இடத்தில் 90 தந்து ஓகே அழுத்தவும். இந்த ஒரு செல் 100 ஆட்டத்தின் முடிவு.

4. செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து ஏ100 வரை இழுக்கவும். இப்போது 10,000 ஆட்டம் தயார்.

5. பி1 செல்லில் ஏ1 இன் மதிப்பு வருமாறு செய்யவும். பி2 செல்லில் பி1, ஏ2 இரண்டையும் கூட்டவும். இந்தக் கூட்டலை பி100 வரை இழுக்கவும்.

6. பி பத்தியை செலக்ட் செய்து லைன் சார்ட் போடவும்.

இனி எஃப்9 கீயை அழுத்தவும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எக்செல் புதிய எண்களைத் தரும், கோடு மாறும். ஒரு முறை மலை ஏறும். ஒரு முறை பள்ளத்தில் விழுந்து மெல்ல எழும். ஒரு முறை கடைசி வரை எழாது. ஆடுபவர் ஒருவரே, திறமையும் ஒன்றே என்பதை மறக்க வேண்டாம்.

கணக்கு என்ன சொல்கிறது? 10,000 ஆட்டத்தில் இவருக்கு எதிர்பார்க்கும் லாபம் 500 பிக் பிளைண்ட், அதாவது 10 டாலர். விலகும் அளவோ 900 பிக் பிளைண்ட், அதாவது 18 டாலர். எதிர்பார்க்கும் லாபத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே நூற்றில் சுமார் 29 முறை இவர் 10,000 ஆட்டம் முடிந்த பிறகும் நட்டத்தில் இருப்பார். ஒரு மேசையில் 10,000 ஆட்டம் ஆட சுமார் 143 மணி நேரம் வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்திற்கு மேல் ஆகும். 1,00,000 ஆட்டம் ஆடினால்தான் நட்டத்தில் இருக்கும் வாய்ப்பு 4 சதவீதமாகக் குறையும்.

இப்போது மீன் என்ற இடத்தில் 5 க்குப் பதிலாக மைனஸ் 5 என்று மாற்றுங்கள். இவர் நிச்சயம் தோற்க வேண்டிய ஆட்டக்காரர். ஆனால் 10,000 ஆட்டம் முடிந்தபின் நூற்றில் 29 முறை இவருடைய கோடு லாபத்தில் நிற்கும். அந்த 29 பேருக்கும் தாங்கள் தோற்கும் ஆட்டக்காரர் என்று தெரியாது. இரண்டு மாதம் ஜெயித்திருக்கிறோம், நமக்குத் திறமை இருக்கிறது என்றே நம்புவார்கள். 2 டாலர் மேசையை விட்டு 50 டாலர் மேசைக்குப் போவார்கள்.

சிறிய மேசையின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 2 டாலர் நட்டம் எந்தக் குடும்பத்தையும் கெடுக்காது. அதிர்ஷ்டத்தில் வந்த 20 டாலர் லாபம் கெடுக்கக்கூடும்.

கமிஷன் என்னும் ஏழாவது ஆள்

சைட்காரர்கள் சும்மா மேசை போடுவதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பந்தயத் தொகையிலிருந்து ஒரு பங்கை எடுத்துக் கொள்வார்கள். இதற்கு ரேக் என்று பெயர். சிறிய மேசைகளில் இது 5 சதவீதத்தை ஒட்டி இருப்பது வழக்கம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆறு பேர் தலா 2 டாலருடன் உட்காருகிறார்கள். மேசையில் மொத்தம் 12 டாலர். ஓர் ஆட்டத்தில் சராசரியாக 20 செண்ட் சேர்கிறது என்றால் கமிஷன் 1 செண்ட். மணிக்கு 70 ஆட்டம் என்றால் 70 செண்ட். யாரும் புதிதாகப் பணம் கொண்டு வராவிட்டால் பதினேழு மணி நேரத்தில் அந்த 12 டாலரும் சைட்காரரிடம் போய்விடும். ஆறு பேரும் சம திறமை உள்ளவர்கள் என்றால் ஆறு பேருமே தோற்பார்கள்.

இதே கணக்கில் ஒருவருக்கு 100 ஆட்டத்திற்கு ஆகும் கமிஷன் 8 பிக் பிளைண்டுக்கு மேல். நாம் மேலே பார்த்த ஆட்டக்காரர் 5 பிக் பிளைண்ட் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டுமென்றால், மற்றவர்களிடமிருந்து 13 பிக் பிளைண்ட் ஜெயித்தாக வேண்டும். அத்தனையும் செய்து அவருக்கு மிஞ்சுவது மணிக்கு 7 செண்ட்.

சைட் ஏமாற்றுகிறதா?

தோற்பவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. பெரும்பாலும் காரணம் மேலே பார்த்த ஏற்ற இறக்கம்தான். ஆனால் சந்தேகமே வீண் என்று சொல்லிவிட முடியாது. நடந்த சம்பவங்கள் உண்டு.

1998 இல் பணம் வைத்து ஆடும் முதல் ஆன்லைன் போக்கர் தளமாக வந்தது பிளானட் போக்கர். தங்கள் சீட்டு கலைப்பு நேர்மையானது என்று காட்ட, அந்த புரோகிராமை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருந்தார்கள். 1999 இல் ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அதைப் படித்துப் பார்த்தார்கள். 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை சுமார் 8 க்குப் பின் 67 பூஜ்யங்கள். ஆனால் அந்த புரோகிராம் 32 பிட் எண்ணை விதையாக எடுத்துக் கொண்டதால் அதிகபட்சம் 430 கோடி அடுக்குகளைத்தான் தர முடியும். அந்த விதையும் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி செகண்டுகளின் எண்ணிக்கை. ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லி செகண்டுகள்தான் உண்டு. சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துவைத்தபோது அது சுமார் 2 லட்சமாகக் குறைந்தது. இதைத் தேடிக் கண்டுபிடிப்பது சாதாரண பிசிக்கு எளிய வேலை. கையில் உள்ள இரண்டு சீட்டு, நடுவில் திறந்த மூன்று சீட்டு ஆகிய ஐந்தும் தெரிந்தால் மற்ற எல்லாச் சீட்டுகளையும் அவர்களால் சொல்ல முடிந்தது. தாங்கள் கண்டதை வைத்துப் பணம் பண்ணாமல் வெளியே சொன்னார்கள். அதன் பின் மற்ற சைட்கள் இதில் கவனமாக இருந்தன. ஆடுபவர்களின் மவுஸ் அசைவுகளைக்கூடக் கலைப்புக்குப் பயன்படுத்துவதாகப் போக்கர்ஸ்டார்ஸ் அறிவித்தது.

அடுத்த வகை மோசடி 2007 இல் அப்சல்யூட் போக்கர் தளத்திலும், 2008 இல் அல்டிமேட் பெட் தளத்திலும் வெளிவந்தது. உள்ளே இருந்தவர்களின் உதவியால் சில அக்கவுண்டுகளுக்கு எதிராளிகளின் மூடிய சீட்டு தெரிந்தது. இதை முதலில் கண்டுபிடித்தது போலீஸ் அல்ல, ஆட்டக்காரர்கள். பல ஆட்டங்களின் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அந்த அக்கவுண்டுகளின் லாபம் நடக்க முடியாத அளவில் இருந்தது.

கவனியுங்கள். மோசடி நிரூபிக்கப்பட்டது "என் ஏஸ் தோற்றது" என்ற புகாரால் அல்ல, பதிவுகளால்.

பூஜ்யத்திலிருந்து 10,000 டாலர்

கிறிஸ் ஃபெர்குசன் என்பவர் கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2000 ஆம் ஆண்டு வேர்ல்ட் சீரிஸ் முதன்மைப் போட்டியில் ஜெயித்தவர். இவர் 2006 இல் ஃபுல் டில்ட் போக்கர் தளத்தில் ஒரு சோதனை தொடங்கினார். ஒரு பைசாகூடப் போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் சேர்ப்பது என்பதே அது. 2007 இல் அதை முடித்தும் காட்டினார். அவர் வைத்துக் கொண்ட விதிகள் மூன்று.

* சாதாரண மேசையில் உட்காரும்போது மொத்தக் கையிருப்பில் 5 சதவீதத்திற்கு மேல் கொண்டு போகக் கூடாது.

* பல மேசைப் போட்டிகளுக்கு 2 சதவீதத்திற்கு மேல் கட்டக் கூடாது. தொடக்கத்தில் மிகச் சிறிய தொகைகளுக்கு மட்டும் விலக்கு.

* மேசையில் முன்னால் இருக்கும் பணம் மொத்தக் கையிருப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும்.

2 டாலர் மேசைக்கு இந்த விதிப்படி 40 டாலர் கையிருப்பு வேண்டும். எக்செல் கோட்டில் நீங்கள் பார்த்த பள்ளங்களைத் தாங்குவதற்குத்தான் இந்த ஏற்பாடு. மூன்றாவது விதி முக்கியமானது. ஜெயிக்கும்போது எழுந்திருப்பது தோற்கும்போது எழுந்திருப்பதைவிடக் கடினம்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகிய தளங்கள் மீது வழக்குப் போட்டு அவற்றை முடக்கியது. ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர் என்றும், அதனிடம் பேங்கில் இருந்தது சுமார் 6 கோடி டாலர்தான் என்றும் அரசு தரப்பு குற்றம் சாட்டியது. ஃபுல் டில்ட் இயக்குநர்களில் ஒருவரான ஃபெர்குசன் பெயரும் அந்த சிவில் வழக்கில் சேர்க்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக் கொள்ளாமலே அவர் பின்னர் சமரசம் செய்து கொண்டார். 2012 இல் போக்கர்ஸ்டார்ஸ் 73 கோடியே 10 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசத்திற்கு வந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களின் கைக்குப் பணம் வரத் தொடங்கியது 2014 இல். எத்தனை கவனமாகச் சேர்த்தாலும், ஸ்கிரீனில் தெரியும் தொகை உங்கள் பேங்க் அக்கவுண்டுக்கு வரும்வரை வெறும் எண்தான்.

மனம் கோணினால்

பின்பால் மெஷினைக் கோபத்தில் பிடித்து ஆட்டினால் டில்ட் என்று காட்டி நின்றுவிடும். போக்கர்காரர்கள் இந்தச் சொல்லை மனதிற்குப் பயன்படுத்துகிறார்கள். நல்ல சீட்டு தோற்ற ஆத்திரத்தில் அடுத்த பத்து ஆட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவதுதான் டில்ட். ஆன்லைனில் இது எளிது. அடுத்த ஆட்டம் சில நொடிகளில் வந்துவிடும். பெரிய மேசை ஒரு கிளிக் தூரத்தில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து "போதும், எழுந்திரு" என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

இதற்குச் சில வழிகள்: ஒரு நாளைக்கு இத்தனை நேரம், இத்தனை நட்டம் என்று முன்பே எழுதி மானிட்டர் அருகில் ஒட்டி வைக்க வேண்டும். விட்ட பணத்தைப் பிடிக்கப் பெரிய மேசைக்குப் போகக் கூடாது. ஆடிய தேதி, மணி நேரம், ஆட்டங்களின் எண்ணிக்கை, தொடக்கத் தொகை, முடிவுத் தொகை ஆகியவற்றை ஒர்க் ஷீட்டில் ஒரு நாள் விடாமல் பதிய வேண்டும். பல போக்கர் சாஃப்ட்வேர்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிக்கும் வசதி தந்தன. போக்கர் டிராக்கர் போன்ற புரோகிராம்கள் அவற்றைப் படித்துக் கணக்கு தந்தன. ஜெயித்த நாள் நினைவில் நிற்கும், தோற்ற நாள் மறந்துபோகும். ஒர்க் ஷீட் எதையும் மறக்காது.

நம் நாட்டில் நிலை என்ன?

தமிழக அரசு 2022 இல் கொண்டு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் அதன் தடைப் பட்டியலில் இருந்தன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இவை திறமை ஆட்டங்கள் என்று கூறி, அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்தது. பிறகு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று ஜனாதிபதி ஒப்புதல் தந்தார். திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் இது தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் கூறுகிறது. விளம்பரம் செய்வதற்கும், பேங்குகள் இதற்குப் பணம் மாற்றித் தருவதற்கும் தடை உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. சட்டம் வந்ததும் இந்திய போக்கர் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. எங்கோ வெளிநாட்டில் இருந்துகொண்டு அழைக்கும் சைட்டில் பணம் போட்டால், அது வராதபோது கேட்க உங்களுக்கு ஆள் கிடையாது.

காசில்லாமல் கற்கலாம்

போக்கர் நல்ல மூளைக்கு வேலை தரும் ஆட்டம் என்பதில் சந்தேகம் இல்லை. 2017 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற புரோகிராம் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதற்கே 1,20,000 ஆட்டங்கள் ஆடினார்கள். குறைவாக ஆடியிருந்தால் ஜெயித்தது திறமையா அதிர்ஷ்டமா என்று சொல்ல முடியாது என்பதே காரணம்.

ஆட்டத்தின் சுவையை மட்டும் விரும்புபவர்கள் போக்கர்டிஹெச் என்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை இறக்கிக் கொள்ளலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். கம்ப்யூட்டர் எதிராளிகளுடன் பத்து பேர் வரை மேசையில் உட்காரலாம். பணம் எதுவும் தேவையில்லை. ஏஸ் ஜோடி அங்கேயும் தோற்கும். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினால் போதும்.